மூளை வேதியியல்: ஏற்காட்டில் ஒரு பற்று வரவு

கார்பன்-11 என்ற கதிரியக்க அணுவின் அரை ஆயுள் 20.4 நிமிடம். சேலத்தில் பேருந்து ஏறி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் மூச்சு வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். கீழே 100 பங்கு கார்பன்-11 ஏற்றினால் மேலே 13 பங்குதான் வந்து சேரும். பெங்களூரிலிருந்து ஏற்றினால் எழுதி வைக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் மூளையைப் பற்றி அண்மையில் வந்த முக்கியமான எண்களில் ஒன்று இந்த அணுவைக் கொண்டு எடுக்கப்பட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 12 ஆட்டிச வயதுவந்தோருக்கும் 20 மற்றவர்களுக்கும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புகளான சினாப்ஸ்களின் அடர்த்தி, ஆட்டிசக் குழுவில் 17 சதவீதம் குறைவு. 2024-ல் வெளியான கணக்கு இது. அணுவை அங்கேயே சைக்ளோட்ரானில் செய்து, சூடு ஆறுவதற்குள் நரம்பில் ஏற்றிவிட வேண்டும். எந்த ஊர் மூளையை அளக்கலாம், எந்த ஊர் மூளையை அளக்க முடியாது என்பதைப் பெரும்பாலும் இந்த 20.4 நிமிடமே முடிவு செய்துவிடுகிறது.

இன்னொரு அணு கொஞ்சம் பொறுமைசாலி. ஃபுளூரின்-18, அரை ஆயுள் 110 நிமிடம். பெங்களூரிலிருந்து ஐந்து மணி நேரம் என்று வைத்தால் ஏற்காட்டுக்கு 15 சதவீதம் வந்து சேரும். சென்னையிலிருந்து ஏழு மணி நேரம் என்றால் 7 சதவீதம். யேல் குழுவின் அடுத்த கணக்கு இந்த அணுவை வைத்துத்தான். 2025 டிசம்பரில் வெளிவந்த அந்த ஆய்வில் 16 ஆட்டிச வயதுவந்தோர், 16 மற்றவர்கள். எம்குளூ-5 என்ற ஏற்பி, ஆட்டிசக் குழுவில் மூளை முழுக்கவே குறைவாகக் கிடைத்தது.

அந்த ஏற்பி ஏற்பது குளூட்டமேட்டை. அதற்கு ஒரு சரக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரின் மூளை சுமார் 1.4 கிலோ. அதில் ஒரு கிலோவுக்குச் சுமார் 10 மில்லிமோல் குளூட்டமேட் இருக்கிறது. பெருக்கினால் மொத்தம் 2 கிராம் தேறும். இது நரம்புச் செல்களை முடுக்கிவிடும் பொருள். அதே குளூட்டமேட்டிலிருந்து உண்டாகி, முடுக்கத்தை அடக்கும் பொருள் காபா. மூளை முழுவதற்கும் 0.2 கிராம் அளவுதான். பத்துக்கு ஒன்று. இந்த முடுக்கத்துக்கும் அடக்கத்துக்கும் இடையிலான விகிதம் சாய்ந்திருப்பதே ஆட்டிசத்தின் சில வகைகளுக்கு அடிப்படையாக இருக்கலாம் என்று ரூபன்ஸ்டைனும் மெர்செனிக்கும் 2003-ல் ஒரு கருதுகோள் வைத்தார்கள். டியூப் லைட்டின் ரீங்காரமும் சந்தை இரைச்சலும் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்வதற்கு, கேட்டதும் பொருந்திவிடுகிற விளக்கம். பொருந்துகிற விளக்கங்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

ஏனென்றால் 2018-ல் அதே எம்குளூ-5 ஏற்பியை, அதே ஃபுளூரின்-18 தடங்காட்டியைக் கொண்டு வேறொரு குழு அளந்தது. ஆட்டிசம் உள்ள ஆண்கள் 6 பேர், ஒப்பிட 3 பேர். மூளையின் இரண்டு பகுதிகளில் ஏற்பி அதிகம் என்று விடை வந்தது. 16 பேரிடம் குறைவு, 6 பேரிடம் அதிகம். 16 பேரின் கணக்கை நம்பத்தான் எனக்கு மனம் சாய்கிறது, ஆள் அதிகம் என்பதால். ஆனாலும் 16 என்பது 16-தான்.

பெரியவர்களை அளந்த மேலும் இரண்டு ஆய்வுகளை இந்தப் பேரேட்டில் சேர்க்கிறேன். ஜப்பானில் 2010-ல், 18 முதல் 26 வயதுள்ள 20 ஆட்டிச ஆண்கள்: செரடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதம் மூளையில் குறைவு, டோபமைனை உறிஞ்சும் புரதம் நெற்றிக்குப் பின்னுள்ள ஒரு பகுதியில் அதிகம். லண்டனில் 2019-ல், 17 ஆட்டிச ஆண்களும் 17 மற்ற ஆண்களும்: கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத கன்னாபிடயால் 600 மில்லிகிராம் ஒருமுறை கொடுத்து எம்ஆர்ஐ கருவியில் காபாவை அளந்தார்கள். மற்றவர்களிடம் காபா ஏறியது. ஆட்டிசக் குழுவில் இறங்கியது. ஒரே மருந்து, ஒரே அளவு, எதிரெதிர்த் திசை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மறக்க முடியாத முடிவு இதுதான். பொதுவான மூளைக்கு என்று எழுதப்பட்ட மருந்துச்சீட்டு ஆட்டிச மூளையில் எப்படிப் புரளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

12, 16, 20, 17. கூட்டினால் 65 பேர். நான்கு முக்கிய ஆய்வுகளின் ஆட்டிச வயதுவந்தோர் அத்தனை பேரையும் ஏற்காடு மலை ஏறும் ஒரே பேருந்தில், சிலரை நிற்க வைத்து, அனுப்பிவிடலாம். அதில் 37 பேர், ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்ட இரு ஆய்வுகளிலிருந்து வந்தவர்கள். யேலின் 16 பேரும் சராசரியோ அதற்கு மேலோ அறிவுத்திறன் உள்ளவர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் குழலுக்குள் அசையாமல் படுக்க முடிந்தவர்களைத்தான் பெட் கருவி அளக்கும். பேச்சே வராத, ஊசியைக் கண்டால் ஓடுகிற, மலைக்கிராமத்தில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிற ஆள் அந்தப் பேருந்தில் ஏறவே இல்லை.

இன்னொரு சிக்கல் பெரியவர்களுக்கே உரியது. 25 வயதில் ஏற்பி குறைவாக இருந்தால், பிறவியிலேயே குறைவா, 25 ஆண்டுகள் ஒரு மாதிரியாக வாழ்ந்ததில் மூளை தன்னைச் சரிக்கட்டிக் குறைத்துக்கொண்டதா? இன்றெடுத்த ஒரு படம் அதற்கு விடை சொல்லாது. ஒரே ஆளைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து அளக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கதிரியக்கம் ஏற்றத் தயக்கம் இருப்பதால் அதுவும் எளிதில்லை.

யேலின் ஏற்பிக் கணக்கில் மலைக்கு உதவக்கூடிய ஒரு வரி உண்டு. அந்த ஆட்டிசக் குழுவில் பெரும்பாலோருக்கு இஇஜி-யும் எடுத்தார்கள். தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற பழைய முறைதான். ஏற்பி குறைவும் மின்னலையின் அமைப்பும் ஒன்றோடொன்று இணைந்து போயின. இஇஜி கருவிக்கு சைக்ளோட்ரான் வேண்டாம், அரை ஆயுள் கிடையாது, பையில் போட்டுக்கொண்டு 20 வளைவும் ஏறலாம். இன்றைக்கு அது ஆட்டிசத்தைக் கண்டறியும் கருவி இல்லை. ஆனால் விலை உயர்ந்த அளவைக்கு மலிவான ஒரு பதிலி கிடைக்கலாம் என்பதற்கு அது முதல் தடயம்.

தமிழ்நாட்டில் மூளையை அளக்கத் திறமை இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் கருவிலுள்ள சிசுக்களின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. 5 மூளைகள், 5,132 வெட்டுத்துண்டுகள், செல் செல்லாகப் பார்க்கும் நுட்பம். உலகமே எடுத்துப் பயன்படுத்தும் கணக்கு அது.

இனி செலவுப் பக்கம். வேதியியல் விகிதத்தைத் திருத்தினால் ஆட்டிசத்தின் மையக் கூறுகள் மாறும் என்று நம்பி நடத்திய பெரிய சோதனைகளில் ஆறு, ஆண்டு வாரியாக:

1999: செக்ரெட்டின் (குடல் ஹார்மோன்), 60 குழந்தைகள். பலன் இல்லை.
2009: சிட்டலோபிராம் (செரடோனின்), 149 குழந்தைகள். மருந்து எடுத்தவர்களில் 32.9 சதவீதத்தினர் தேறினர். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34.2 சதவீதத்தினர்.
2017: ஆர்பக்ளோஃபென் (காபா), 5 முதல் 21 வயது வரை 150 பேர். முதன்மை இலக்கில் வேறுபாடு இல்லை.
2021: ஆக்ஸிடோசின் மூக்குத் தெளிப்பு, 290 பேர், 24 வாரம். வேறுபாடு இல்லை.
2021: புமெட்டனைடு (காபாவின் வேலையைத் திருத்துவதாக நம்பிய, சிறுநீர் பெருக்கும் மாத்திரை), இரண்டு சோதனைகளில் 422 பேர். பலன் இல்லாததால் நிறுத்தம்.
2022: பாலோவாப்டன் (வாசோபிரசின்), 322 வயதுவந்தோர். பலன் தெரியவில்லை என்று முன்னதாகவே நிறுத்திய சோதனையின் முடிவு.

கூட்டுத்தொகை 1,393 பேர். அதில் பெரியவர்களை மட்டுமே வைத்து நடந்தது ஒன்று, 322 பேர், 23 சதவீதம். சிட்டலோபிராம் வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். வெற்று மாத்திரை ஒரு புள்ளிக்கு மேல் முந்தியிருக்கிறது. மூன்றில் ஒருவர் ஒன்றுமே இல்லாத மாத்திரையில் தேறியதாக மதிப்பிட்ட மருத்துவருக்குத் தோன்றியிருக்கிறது. ‘எங்கள் மருந்தில் 35 சதவீதம் குணம்’ என்று துண்டறிக்கை நீட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெற்று மாத்திரைக் குழு எங்கே என்பதுதான்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆட்டிசத்தின் பெயர் சொல்லி அனுமதித்த மருந்துகள் இரண்டு: 2006-ல் ரிஸ்பெரிடோன், 5 முதல் 16 வயது வரை, 2009-ல் அரிப்பிப்ரசோல், 6 முதல் 17 வயது வரை. இரண்டும் எரிச்சல், மூர்க்கம் ஆகியவற்றுக்கு. பழகும் விதத்தையோ பேச்சையோ மாற்றும் என்று அவற்றுக்கு அனுமதி இல்லை. 18 வயதானவரின் பத்தியில் சுழியம்.

துணை மருந்துகளின் கதை மலைப்பாதையிலேயே கண்ணுக்குத் தெரியும். வளைவுகளில் ஏறும்போது கீழே சேலத்துக்கு வடமேற்கில் வெளுத்துக் கிடப்பது சுண்ணாம்புக் கரடு. வெட்டி எடுப்பது மேக்னசைட், எடையில் 28.8 சதவீதம் மெக்னீசியம். மனித உடலில் மொத்தமே 25 கிராம் மெக்னீசியம்தான். 87 கிராம் மேக்னசைட் கல்லில் அது முழுதும் அடங்கும். குளூட்டமேட்டின் இன்னொரு ஏற்பியின் வாயிலை, செல் ஓய்வில் இருக்கும்போது அடைத்து நிற்பது மெக்னீசியம் அயனி. இந்த ஒரு வரி உண்மையை வைத்து, மெக்னீசியமும் வைட்டமின் பி-6-ம் சேர்ந்த பொடி ஆட்டிசத்துக்கு நல்லது என்று பல பத்தாண்டுகளாக விற்பனை நடக்கிறது. 2005-ல் காக்ரேன் திறனாய்வு, முறையாக நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. தேறியவை 3, கலந்துகொண்டவர்கள் மூன்றிலும் சேர்த்து 33 பேர். பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று எழுதி மூடினார்கள். டப்பா இன்னும் விற்கிறது.

எல்லா வரியும் சுழியம் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. 1996-ல் ஃபுளூவாக்ஸமைன் என்ற செரடோனின் மாத்திரையை 30 ஆட்டிச வயதுவந்தோரிடம் 12 வாரம் சோதித்தார்கள். மருந்துக் குழுவில் 15-ல் 8 பேர் தேறினர். வெற்று மாத்திரைக் குழுவில் 15-ல் ஒருவரும் இல்லை. 2012-ல் 37 பெரியவர்களிடம் ஃபுளூவாக்ஸெட்டின்: திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களில் 50 சதவீதத்தினருக்குக் குறைவு, வெற்று மாத்திரையில் 8 சதவீதத்தினருக்கு. குழந்தைகளிடம் தோற்ற செரடோனின் வழி பெரியவர்களிடம் ஓரளவு வேலை செய்திருக்கலாம். 67 பேரை வைத்து அதற்கு மேல் சொல்லக் கூடாது. உடல் முழுவதிலும் செரடோனின் 10 மில்லிகிராம் அளவுதான். அதிலும் பத்தில் ஒன்பது பங்கு குடலில். ஆட்டிசம் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பது 1961 முதல் தெரிந்த செய்தி. ஆனால் ரத்தச் செரடோனின் மூளைக்குள் புகாது. ஆகவே ரத்தப் பரிசோதனை முடிவை மூளைக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

ஃபுளூவாக்ஸமைனுக்கு அருகே ஏற்காட்டுக்காரர்கள் எழுதிக்கொள்ள வேண்டிய குறிப்பு ஒன்று இருக்கிறது. 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபிச் செடி வைத்தது முதல் இந்த மலையின் கணக்கே காபியில்தான் நடக்கிறது. அராபிகா கொட்டையில் எடைக்கு 1.2 சதவீதம் காஃபின். 10 கிராம் தூளில் 120 மில்லிகிராம். சாதாரணமாக உடம்பில் காஃபினின் அரை ஆயுள் 5 மணி நேரம். அதைக் கரைக்கும் கல்லீரல் நொதியை ஃபுளூவாக்ஸமைன் முடக்குகிறது. அரை ஆயுள் 31 மணி நேரமாக நீண்டதை அளந்திருக்கிறார்கள். நேற்றுக் காலைக் காபி இன்றைக்கு மதியம் வரை பாதி மிச்சம். தினம் இரண்டு டம்ளர் என்றால் மேல்மேல் சேரும். தூக்கம் போகும், படபடப்பு ஏறும், அதை ஆட்டிசத்தின் மேல் எழுதிவிடுவார்கள். இந்த மாத்திரை எழுதும் மருத்துவரிடம் காபிப் பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆள் கணக்குக்கு வருவோம். ஏற்காடு வட்டத்தில் 2011-ல் 40,000-ஐ ஒட்டிய மக்கள். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். 18 வயது நிறைந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 27,000 என்று கொள்கிறேன். இமாச்சலப் பிரதேசத்தில் நகரம், கிராமம், பழங்குடிப் பகுதி மூன்றிலும் 28,070 குழந்தைகளைப் பார்த்த 2017 ஆய்வில் ஆட்டிசம் 43 பேருக்கு, 0.15 சதவீதம். அந்த விகிதத்தை ஏற்காட்டுப் பெரியவர்கள் மேல் போட்டால் 40 பேர். உலகச் சுகாதார அமைப்பின் 127-க்கு 1 என்ற விகிதத்தில் 213 பேர். 2007-ல் இங்கிலாந்தில் 7,461 பெரியவர்களிடம் வீடு வீடாக நடத்திய ஆய்வின் விகிதமான 0.98 சதவீதத்தில் 265 பேர். அமெரிக்காவின் 2.21 சதவீத மதிப்பீட்டில் 597 பேர். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் 15 மடங்கு இடைவெளி. இங்கிலாந்து எண்ணை எடுத்துக்கொள்கிறேன். மற்றவை குழந்தைகளிடமிருந்தோ மாதிரிக் கணக்கிலிருந்தோ வந்தவை. அது ஒன்றுதான் பெரியவர்களை நேரில் பார்த்தது. வயது கூடக் கூட விகிதம் குறையவில்லை என்பதும் அதில் கிடைத்த செய்தி. 60 வயதில் ‘அவர் எப்பவுமே ஒரு மாதிரி’ என்று ஊர் ஒதுக்கி வைத்திருப்பவர்களும் அந்த 265-க்குள் உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனுக்கு 8 வகை இருந்தது. ஆட்டிசத்துக்கென்று ஒன்று இல்லை. 2016 சட்டம் வகைகளை 21 ஆக்கி ஆட்டிசத்தையும் சேர்த்தது. குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 18 வயதோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு சான்றிதழுக்கு வந்தால் இந்திய ஆட்டிச அளவுகோல்: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70-ஐத் தொட்டால்தான் ஆட்டிசக் கணக்கு தொடங்கும். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசத்துக்கு உள்ளது தனிப் பங்கு அன்று. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றோடும் சேர்ந்து 1 சதவீதம். வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, பழைய முறையில் வரி கட்டினால். காபித் தோட்டக் கூலியில் வரி கட்டும் அளவுக்கு யாருக்குக் கிடைக்கிறது?

பயணக் கணக்கைப் பார்ப்போம். சேலத்துக்கு ஒருமுறை போய்வர ஒரு பகல் போய்விடும். 100 நாள் வேலையின் 2025-26 கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். தனியே அனுப்ப முடியாதவருக்குத் துணை ஒருவர். இருவர் கூலி 672. பரிசோதனை, மருத்துவக் குழு, சான்றிதழ் என்று மூன்று முறை போவதாக வைத்தால் பேருந்துக் கட்டணம், சாப்பாடு சேர்க்காமலே 2,016. அதை 265 பேருக்குப் பெருக்கினால் 5,34,240 ரூபாய், இலவசச் சான்றிதழுக்கு மலை கொடுக்கும் விலை. சான்றிதழ் கையில் இருந்தால் நிராமயா காப்பீட்டில் சேரலாம்: வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு 250 ரூபாய், ஆண்டுக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவு, வயது வரம்பு இல்லை. 265 பேருக்கும் சேர்த்து 66,250. பயணத்தில் போகும் பணத்தில் எட்டில் ஒரு பங்கு இது. கதிரியக்கத் தடங்காட்டியை வேண்டுமானால் மலை ஏற்ற முடியாமல் போகலாம். 40 கூறுகள் அச்சிட்ட தாளை ஏற்றலாம்.

அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். ஏற்காடு வட்டத்தின் பங்கு 0.3 மருத்துவர். வாரத்தில் ஏழு நாளில் இரண்டு நாள் அவருடையது. அதில் ஒரே ஒரு நாளை, உளவியலாளர் ஒருவரோடு சேர்த்து மலைக்குக் கேட்கலாம். பெரியவர் ஒருவரின் பழைய கதையைக் குடும்பத்திடம் கேட்டு, அளவுகோலை நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நாளைக்கு 5 பேர். மருந்துப் பையோடு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் பணியாளர்கள், யாரை அழைத்து வர வேண்டும் என்ற பட்டியலைத் தரலாம். 265-ஐ 5-ஆல் வகுத்தால் 53 நாள். வாரம் ஒரு நாள் வீதம் ஓராண்டும் ஒரு வாரமும். நடுவே சேர்வராயன் கோயில் திருவிழா வாரத்தையும் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் கூலி விட முடியாதவர்களையும் கழித்தால், ஒன்றரை ஆண்டு.